இரண்டாம் மணி

கொடிக்கால் குத்தகை விஷயமாக 2024 அக்டோபரில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஆத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூர். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முக்காணியைத் தாண்டித் தாமிரபரணிப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் ஓர் ஈரக்காற்று முகத்தில் வந்து படும். வாழைத்தோட்டத்தின் வாசனையும் அகத்தி நிழலில் படர்ந்த வெற்றிலையின் காரமும் அதில் கலந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஆத்தூர் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தாத்தா இருந்திருந்தால், "இதைச் சொல்ல ஒரு சர்க்கார் வேணுமாக்கும்?" என்று கேட்டிருப்பார்.

சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கோயிலில் முதல் மணி அடித்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வோம். 'சர்ச்' என்பது பட்டணத்துக்குப் போன பிறகு கற்றுக்கொண்ட வார்த்தை.

மணி ஓய்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் உபதேசியார் வாசலில் வந்து நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் கோயில் சாவி.

"தம்பி, வந்திருக்கேன்னு சொன்னாவ. இன்னைக்கு ஐயர் பக்கத்துச் சபைக்குப் போயிருக்காவ. ஆராதனையை நாந்தான் நடத்தணும். இரண்டாம் பாடம் வாசிக்க ஆளில்லை. நீ வாசிச்சிருதியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் மனமார ஒரு ஜெபம் சொல்லி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாணம், சாவு தவிர வேறு காரணத்துக்காகக் கோயில் படி ஏறியதில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. கடைசியில் உண்மையையே சொன்னேன்.

"அண்ணாச்சி, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு."

"அது தெரியும். வாசிக்கத் தெரியும்லா?" என்றார் அவர்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே அரை மணி நேரம் உண்டு. என் சிறு பிராயத்தில், அதாவது 1960-களில், வாரத்திலேயே முக்கியமான அரை மணி அதுதான். முதல் மணி அடிக்கும்போதே தாத்தா வெளுத்த வேட்டியும் மேல்துண்டுமாகத் தெருவில் இறங்கிவிடுவார். நேரே கோயிலுக்குப் போகமாட்டார். வழியில் இருக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என்ன மாப்பிள்ளை, இன்னும் புறப்படலையா?" என்றும், "மைனி, முட்டு வலி எப்படி இருக்கு?" என்றும் கேட்டுக்கொண்டே போவார். இரண்டாம் மணி அடிக்கும்போது அவர் பின்னால் பத்து இருபது பேர் சேர்ந்திருப்பார்கள். அப்போது கோயிலில் பெஞ்சு கிடையாது, கோரைப்பாய்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முன்னால் நாங்கள் சில்லுண்டிகள். ஐயர் பிரசங்கத்தை மூன்றாம் பாகத்துக்கு நகர்த்தும்போது தாத்தா தூங்கிவிடுவார். ஆனால் யார் வரவில்லை என்பது மட்டும் அந்தத் தூக்கத்திலும் அவர் கணக்கில் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன், "மேலத்தெருச் சித்தியைக் காணலையே, போய்ப் பார்த்துட்டு வால" என்று என்னை விரட்டுவார். காய்ச்சல் என்று நான் வந்து சொன்னால், பாட்டி ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் வைத்து மறுபடியும் என்னையே அனுப்புவாள். அந்தத் தூக்குச்சட்டியின் வளையம் என் விரலை அறுத்ததுதான் என் முதல் மத அனுபவம் என்று சொன்னால் தவறில்லை.

பாட்டி கோயிலில் எப்படி இருந்தாள் என்பது எனக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை. அடுப்படியில் அவள் வைத்திருந்த கலயம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தினந்தோறும் உலை வைப்பதற்குமுன் ஒரு கைப்பிடி அரிசி அந்தக் கலயத்தில் போகும். வாரக்கடைசியில் அது கோயிலுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை.

எங்கள் கோயில் மணி தனியாக ஒலித்ததும் இல்லை. விடியற்காலையில் ஏதோ ஒரு பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்கும். சாயங்காலம் ஆத்தூர்ச் சோமநாதர் கோயில் மணி. கடற்காற்று பலமாக அடித்தால் புன்னைக்காயல் மாதா கோயில் மணியும் கேட்பதாகப் பாட்டி சொல்வாள், எனக்குக் கேட்டதில்லை. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் கடிகாரம் இல்லாமலே இந்தச் சத்தங்களை வைத்துப் பொழுதை அறிந்தார்கள். எந்தச் சாமியின் மணி என்று யாரும் பார்த்ததில்லை. மணி என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

அன்று ஞாயிற்றுக்கிழமை நான் போய் உட்கார்ந்தபோது கோயிலில் பெஞ்சுகள் இருந்தன, மின்விசிறிகள் சுழன்றன, ஒலிபெருக்கியும் இருந்தது. ஆட்களை எண்ணினேன். என்னையும் உபதேசியாரையும் சேர்த்துப் பதிமூன்று பேர். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். அறுபது வயதுக்குக் குறைந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி தன் மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிவந்தவள்.

நம்பிக்கை குறைந்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது என்று இந்த இடத்தில் எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும். ஆனால் உண்மை அவ்வளவு சுலபமாக அகப்படவில்லை. அந்த ஒரு வாரம் முழுவதும் நான் குத்தகைக் காரியத்தை விட்டுவிட்டு இதையே விசாரித்துக்கொண்டு திரிந்தேன்.

பக்கத்தில் ஒரு சிறு சிவன் கோயில். அங்கே பூஜை செய்கிற குருக்கள் எனக்குப் பழக்கமானவர். வருமானமில்லாத கோயில்களில் ஒரு வேளை விளக்காவது எரியட்டும் என்று அறநிலையத் துறை 'ஒருகாலப் பூஜைத் திட்டம்' என ஒன்று வைத்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்தத் திட்டத்தில் இருந்த கோயில்கள் மட்டும் 12,959. அவற்றில் ஒன்றுதான் இதுவும்.

"பிரதோஷத்துக்கு வந்து பாருங்கோ, நிக்க இடம் இருக்காது" என்றார் குருக்கள். "மத்த நாள்ல நானும் சுவாமியுந்தான். சில நாள் சுவாமிகிட்டயே குசலம் விசாரிச்சுட்டுப் பூட்டிண்டு போயிடுவேன்."

பிரதோஷத்தில் மட்டுமா கூட்டம்? திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்குக் கடற்கரை முழுவதும் தலைகளாகத் தெரிகிறது. குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வாலிபர்கள். நாற்பத்தெட்டு நாள் வரை விரதம் இருந்து, காளியாகவும் குறவனாகவும் பிச்சைக்காரனாகவும் வீடு வீடாய்ப் போய்க் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் இரவு சூரசம்ஹாரத்துக்குக் கடற்கரையில் வந்து நிற்கிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள்! தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத் தேர் 2023 ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஓடியபோதும் அப்படித்தான். எங்கெங்கோ வேலைக்குப் போன பிள்ளைகள் எல்லாம் தேர்வடம் தொட வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தவனிடம் போய் மதம் தேய்கிறது என்று சொன்னால், நம் புத்தி தேய்ந்துவிட்டதாக நினைப்பான்.

புன்னைக்காயல்காரர் ஒருவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டேன்.

"தேருக்கு என் மகன் துபாயிலிருந்து லீவு போட்டு வந்தான். வடம் பிடிச்சான், அழுதான், மறுநாள் போயிட்டான். ஊர்ல இருக்க நாள்லயும் ஞாயித்துக்கிழமை பூசைக்கு எழுப்ப முடியலை. மாதா மேல பக்தி இல்லைன்னு சொல்ல முடியுமா? சொல்ல முடியாது. பக்தி இருக்கு, பழக்கம் இல்லை" என்றார்.

காயல்பட்டினத்து நண்பர் சொன்னது வேறு விதமாக இருந்தது. "அண்ணாச்சி, எங்க வீட்டுல கதை தலைகீழ். என் வாப்பா கந்தூரிக்குத் தவறாம போவாங்க. தொழுகை கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். என் மகன் கந்தூரியே கூடாதுங்கிறான். அஞ்சு வேளையும் விடமாட்டான். ஆனா அவன் தொழுறது அவன் இருக்கற ஊர்ல. இங்க எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஜும்ஆவுக்கு நிறைஞ்சிடும். சுபுஹுக்கு ஒரு ஸஃப் சேர்ந்தா அல்ஹம்துலில்லாஹ்."

எங்கள் சபையிலும் வராதவர்கள் எல்லாரும் வீட்டில் படுத்துக் கிடக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் பெந்தெகொஸ்தே ஜெபக்கூடங்களுக்குப் போகிறார்கள். பக்கத்தில் நாலுமாவடியில் ஜெபக் கூட்டம் என்றால் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். இன்னும் சிலர் கைபேசியிலேயே ஆராதனை பார்த்துவிடுகிறார்கள். 2020-இல் நோய்க்காகக் கதவுகளை மூடியபோது பழகிய பழக்கம் அது. பிரசங்கம் நீண்டால் விரலால் தள்ளிவிடலாம் என்ற சௌகரியம் எங்கள் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. அவர் தூங்க வேண்டியிருந்தது.

மேல்நாட்டுக் கதை இதிலிருந்து வேறானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 ஜனத்தொகைக் கணக்கில் நூற்றுக்கு 59.3 பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று எழுதினார்கள். 2021-இல் அது 46.2 ஆயிற்று. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 37.2. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு கோயிலிலோ யூத ஆலயத்திலோ பள்ளிவாசலிலோ உறுப்பினராக இருப்பவர்கள் 1999-இல் நூற்றுக்கு 70 பேர்; 2020-இல் 47 பேர் என்று கேலப் நிறுவனம் கணக்கெடுத்தது. அங்கே ஆளும் போய்விட்டான், நம்பிக்கையும் அவனோடு போய்க்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பியூ ஆய்வு மையம் ஏறத்தாழ 30,000 பேரை விசாரித்து 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், கடவுளை நம்புகிறோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 97 பேர். மீதி மூவரில் நானும் ஒருவனாக இருக்கலாம். ஆக, நம்பிக்கைக்குக் குறைவில்லை. திருவிழாவுக்கும் குறைவில்லை. குறைந்திருப்பது சாதாரண நாள். செவ்வாய்க்கிழமைச் சாயரட்சை, வியாழக்கிழமைச் சுபுஹு, பண்டிகை இல்லாத ஞாயிற்றுக்கிழமை: இவைதாம் காலியாகிக் கிடக்கின்றன.

இந்தக் கவலை புதிதும் அல்ல. நம் கரையில் அதற்கு ஐந்நூறு வயது ஆகப்போகிறது. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது, கிறிஸ்தவர்கள் என்ற பெயர் இருந்ததே தவிரச் செபம் சொல்லத் தெரிந்தவர்கள் அபூர்வம். அவர் ஊர் ஊராய்ப் போகிறவர். ஓரிடத்தில் தங்க முடியாது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஜனங்களைக் கூட்டிச் செபம் சொல்லிவைப்பது அந்தக் கணக்கப்பிள்ளைகளின் வேலை. போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கி அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. அவருக்குப்பின் புன்னைக்காயலில் நெடுங்காலம் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், மக்கள் செபங்களைத் தமிழிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே அன்றாடம் சொல்ல வேண்டிய செபத்துக்காகப் பிறந்ததுதான்.

அதிகாரத்தால் ஆள் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் இந்தக் கரையிலேயே சாட்சி உண்டு. 1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்டுகள். ஆட்சி அவர்கள் கையில் இருந்தது. வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது. பரதவர்கள் மாதாவையும் செபமாலையையும் விடவே இல்லை. டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய கோயில் தூத்துக்குடியில் நிற்கிறது. ஊர் மட்டும் பனிமய மாதாவின் பக்கமே நின்றுவிட்டது.

பழைய நாளை ஒரேயடியாகப் புகழ்ந்து பேசவும் எனக்குத் துணிவில்லை. அந்த நிறைந்த பாய்களில் எல்லோருக்கும் ஒரே இடம் இருக்கவில்லை. வடக்கன்குளத்தில் இரண்டு சாதியாருக்கு இரண்டு கூடமாக ஒரே கோயிலைக் கட்டினார்கள்; நடுவே இருந்த தடுப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் எடுக்கப்பட்டது. வெள்ளைக்காரப் பாதிரிமாரோடு ஒத்துப்போக முடியாமல் சட்டாம்பிள்ளை என்பவர் 1857-இல் நாசரேத்துப் பக்கத்தில் தமக்கென்று தனிச் சபையே அமைத்தார். இந்துக் கோயில்களிலோ, 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைகிறவரைக்கும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தவர்கள் எத்தனை லட்சம்! அவர்களுடைய பேரனிடம் போய், "முன்பெல்லாம் எல்லோரும் தினம் கோயிலுக்குப் போவார்கள்" என்று பெருமூச்சு விட்டால், "எந்த எல்லோரும்?" என்று அவன் கேட்பான். கேட்கவேண்டியதுதான். கோயிலுக்கு வராதவனைப் பற்றித் தெருவில் நாலு வார்த்தை பேசுவார்கள் என்ற பயமும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி. என் அம்மா பாதி ஞாயிற்றுக்கிழமைகள் தலைவலியோடுதான் போனாள்.

இவ்வளவையும் தள்ளிய பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. அதைச் சொல்வதற்கு என் சொந்தக் கதையை எடுக்க வேண்டியிருக்கிறது.

நான் சென்னைக்கு வேலைக்குப் போனது 1977-இல். அப்பா மாதம் இரண்டு இன்லண்டு கடிதம் எழுதுவார். மழை, வெற்றிலை விலை, மாட்டுக்கு வந்த சீக்கு, எல்லாம் எழுதிக் கடைசியில் ஒரு வரி இருக்கும்: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாயா? நான் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் திருவல்லிக்கேணியில் ஓர் அறையில் சிகரெட் பிடித்துக்கொண்டு, கடவுள் இல்லை என்று என்னைப் போன்ற நாலுபேரிடம் நிரூபித்துக்கொண்டிருந்தேன். பதிலில், 'போனேன்' என்று எழுதுவேன். பதினோரு வருஷம் இந்தப் பொய் நடந்தது. அப்பா 1988-இல் காலமானார். கடைசிக் கடிதத்திலும் அந்த வரி இருந்தது. அதற்கு நான் எழுதிய பதில் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒரு மகன், கனடாவில் இருக்கிறான். அவனிடம் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அப்பாவைப் போலத் தொந்தரவு செய்யக்கூடாது, பையனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது என் கொள்கை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பனிக்காலத்தில் அவன் காய்ச்சலில் நாலு நாள் அறையிலேயே விழுந்து கிடந்தான். மாடியில் இருப்பவனுக்குத் தெரியாது; எதிர்வீட்டுக்காரனுக்கும் தெரியாது. ஐந்தாம் நாள் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததாம், அவன் முடிக்க வேண்டிய வேலை என்ன ஆயிற்று என்று கேட்டு. குணமான பிறகுதான் எனக்குப் போனில் சொன்னான், அதுவும் சிரித்துக்கொண்டே. நான் போனை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் விரலில் அந்தத் தூக்குச்சட்டி வளையம் அறுத்த இடத்தை நான் தடவிக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னாள்.

வரவில்லையே என்று தேடிவர ஓர் ஆள் இருப்பது. எங்கள் தாத்தா கோயிலுக்குப் போனதில் எனக்கு விளங்கிய அர்த்தம் இவ்வளவுதான். அவருக்கு அதற்கு மேலும் இருந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. தங்கத் தேர்க் கூட்டத்தில் ஒருவன் வராவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதிமூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒருவன் வராவிட்டால் பெஞ்சே சொல்லிவிடும்.

ஆராதனை முடிந்து உபதேசியாரோடு நடந்து வந்தபோது, "இத்தனை பேருக்காக வாரம் தவறாமல் மணி அடிக்க வேண்டுமா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஏளனமாகக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்ட பிறகு வருத்தமாக இருந்தது.

அவர் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கத்தில் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்துநாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயில் ஏறத்தாழ 800 பிரயாணிகளோடு நின்றுவிட்டது. கொடிக்காலும் வாழையும் அடியோடு சாய்ந்தன.

"ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு. கோயில் மேட்டுல இருக்குல்லா. சாவி எங்கிட்ட இருந்துது, போய்த் திறந்தேன். கரண்டு இல்லை. கோயில் மணியைத்தான் அடிச்சேன். அடிச்சுக்கிட்டே இருந்தேன். இருட்டுல அந்தச் சத்தத்தை வச்சுத்தான் ஜனங்க வந்து சேர்ந்தாவ. எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தச் சாமின்னு யாரு கேட்டா? மூணு நாள் நூத்துக்கு மேல ஆளு. பெஞ்செல்லாம் பிள்ளைகளைப் படுக்க வச்சோம். மோதினாரு குடும்பம் பலிபீடத்துக்குப் பக்கத்துல. அவரு அங்கேயே பாங்கு சொல்லித் தொழுதாரு. கைப்பிடி அரிசிக் கலயம் இருந்துதுல்லா, முதல் நாள் கஞ்சி அதுலதான்."

"கைப்பிடி அரிசி இன்னும் வருகிறதா?"

"ஒம்பது வீட்டுலேருந்து வருது."

சற்று நின்று, "அந்த ஒம்பது வீடும் வராமப் போயிருந்தா, கோயிலை எப்பவோ பூட்டியிருப்பாவ. சாவி எந்த ஆபீசுல தொங்குமோ?" என்றார்.

எங்கள் ஊரில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல இது. அந்த வெள்ளத்தில் பள்ளிவாசல்களில் இந்துக் குடும்பங்கள் தங்கின. ரயிலில் சிக்கியவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். ஆபத்தில் மனிதன் நல்லவனாகிவிடுகிறான் என்று நாம் பெருமைப்படுகிறோம். நல்லவன் ஆவதற்கு ஒரு திறந்த கதவும், அதன் சாவியை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் ஓர் ஆளும் வேண்டும். அந்த ஆளைத் திருவிழா உண்டாக்குவதில்லை. தனியாக நின்று சுவாமியிடம் குசலம் விசாரிக்கிற குருக்களும், ஒரு ஸஃப் சேருமா என்று பார்த்துக்கொண்டு பாங்கு சொல்கிற மோதினாரும், பதிமூன்று பேருக்கு மணி அடிக்கிற உபதேசியாரும் சாதாரண நாட்களில் மெள்ள மெள்ள உண்டானவர்கள்.

அன்று நான் வாசித்த பாடம் லூக்கா பதினேழாம் அதிகாரம். பத்துக் குஷ்டரோகிகள் சுகமடைகிறார்கள். ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு விசாரிக்கிறார். என் நாவலில் இதை வைத்திருந்தால் வேண்டுமென்றே வைத்ததாகச் சொல்லி விமர்சகர்கள் கோபித்திருப்பார்கள். நான் வைக்கவில்லை, அன்றைய பாடம் அதுதான். குரல் கொஞ்சம் நடுங்கியது. முன்வரிசைப் பெரியம்மை காதில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டதா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஆனால் நான் உட்கார்ந்த பெஞ்சு அன்றைக்குக் காலியாக இல்லை.

வீட்டு வாசலில் பிரியும்போது உபதேசியார் திடீரென்று சொன்னார்: "உன் கடிதத்தையெல்லாம் அப்பா எங்கிட்டக் காட்டுவாவ, தெரியுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "எல்லாக் கடிதத்தையுமா?"

"எல்லாத்தையும். 'பொய் சொல்லுதான், வேய்' ம்பாவ. 'ஆனா கேட்டதுக்குப் பதில் எழுதுதாம்லா' ம்பாவ. மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிடுவாவ."

அவர் போய்விட்டார். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கனடாவில் அப்போது சனிக்கிழமை பின்னிரவு. இரவு வரும்வரை காத்திருந்து மகனைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை.

"என்னப்பா, ஏதாவது விசேஷமா?" என்றான்.

"விசேஷம் ஒன்றுமில்லை. இன்றைக்கு எங்கேயாவது வெளியே போகிறாயா? நாலு மனிதர்கள் இருக்கிற இடத்துக்கு?"

சற்று நேரம் பேச்சில்லை. "ஏன் கேட்கிறீர்கள்?" என்றான்.

"சும்மாதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்பேன்" என்றேன்.